பச்சைக் குழல்

விறகு நனைந்திருக்கிறது. தெரிந்தேதான் வைத்தேன், வேறு விறகு இல்லை. தார்ப்பாய் போட்டு மூடினாலும் பனி எப்படியோ உள்ளே புகுந்துவிடுகிறது, இந்த மலையில் பனி மட்டும் எந்த வீட்டிலும் கதவு தட்டிவிட்டு வருவதில்லை. சுள்ளி புகைகிறது, எரியமாட்டேன் என்கிறது. நாலு ஊது ஊதினால் பிடித்துக்கொள்ளும். குழலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் சுவரில் சாய்ந்து நிற்கிறது, உடம்பெல்லாம் கரியைப் பூசிக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. எடுக்கலாமா வேண்டாமா. நேற்றுவரை இந்தக் கேள்வியே இல்லை. நேற்றுவரை எழுந்ததும் அடுப்பு, அடுப்பை ஊதியதும் குமட்டல், குமட்டியதும் பின்பக்கம் ஓட்டம், குனிந்ததும் நெற்றியைப் பிடிக்க அத்தையின் கை, உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல், என்னம்மா மறுபடியுமா என்று, பதறிக் கேட்கிற மாதிரி இருந்தாலும் அடியில் சிரிக்கிற குரல். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து யோகராஜ் பெண்டாட்டி மாரீஸ்வரி வாந்தி எடுக்கிறாள் என்று இந்த எஸ்டேட் லயத்தில் வரிசையாக இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். சுவருக்குச் சுவர் ஒட்டிக் கட்டின வீடுகள், இங்கே ஒருத்தி இருமினால் அங்கே ஒருத்தி மிளகு தட்டிக்கொண்டு வருவாள். எல்லாருக்கும் சந்தோஷம். நேற்று மத்தியானம் எஸ்தர் அக்கா ஒரு வார்த்தை சொன்னாள், அதிலிருந்து எனக்குக் குழலைத் தொடக் கை வரவில்லை.

எஸ்தர் அக்கா எனக்குப் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுப்பவள். மேல்காட்டில், தேயிலை முடிந்து புல்மேடு ஆரம்பிக்கிற இடத்தில் நின்றிருந்தோம். மேட்டில் காட்டுச்செடிகள் ஆளைவிட உயரமாக, உச்சியெல்லாம் வெள்ளைப் பூவாக நின்றன. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இதில் ஒன்றை வெட்டித்தான் அக்கா அடுப்பு ஊதக் குழல் செய்திருக்கிறேன், உள்ளே வெறும் குழாய், காற்று என்னமாகப் போகிறது தெரியுமா என்று பெருமை அடித்தேன். அவள் கை நின்றது. மேஸ்திரி சத்தம் போட்டாலும் நிற்காத கை.

"அதையா வாயில வச்சு ஊதுற?" என்றாள். "காட்டுப் பொகையிலடி அது. மாடுகூட வாய் வைக்காது. எங்க சித்தப்பா பல்லுவலின்னு ஒரு துண்டு மென்னுட்டு, தல சுத்தி, வாந்தியா எடுத்துக் கெடந்தாரு."

வாந்தி என்ற சொல் வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என் முகத்தைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், உடனே குனிந்து கொழுந்தைப் பறபறவென்று கிள்ளிப் போட்டாள். அப்புறம் தன் மகள் படிப்பைப் பற்றி ஏதோ சொன்னாள், பஸ் பாஸ் இன்னும் வரவில்லை என்றாள். நான் ம் ம் என்றேன். அவள் மனசில் ஓடிய கணக்கு எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது என்று அவளுக்கும் தெரியும். நல்லவள், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சாயங்காலம் கூடையைக் கொட்டும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்தத் தொடுகைதான் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

சாத்தூர்ப் பக்கத்துக்காரிக்கு இதெல்லாம் என்ன தெரியும். எங்கள் ஊரில் அடுப்புக்குப் பருத்திமார், காய்ந்த பருத்திக்குச்சி, தீக்குச்சியைக் காட்டினாலே குப்பென்று பிடித்துக்கொள்ளும், ஊதுகிற வேலையே இல்லை. எங்கள் ஊர்க் கரிசலில் எதுவும் நனைந்து கிடக்காது, அழுகிற குழந்தையின் கன்னம்கூட உடனே காய்ந்துவிடும். சின்ன வயசில் பப்பாளி இலையின் காம்பை ஒடித்து ஆளுக்கொன்றாக வாயில் வைத்து பீப்பீ என்று ஊதிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவோம். உள்ளே குழாயாக ஒரு தண்டைக் கண்டால் வாயில் வைக்கத் தோன்றுவது எங்கள் ஊர்ப் புத்தி. இந்த மலையில் பிறந்த ஒருத்தி செய்யமாட்டாள் இதை. இங்கே பிறந்தவர்கள் எதைத் தொட வேண்டும் எதைத் தொடக் கூடாது என்று நடக்கிறபோதே பழகியிருப்பார்கள், நான் கல்யாணப் புடவையோடு பஸ்ஸில் ஏறி வந்தவள், எனக்குக் காலில் ஒட்டின அட்டையைப் பிடுங்கக் கூடாது, உப்புத்தான் தடவ வேண்டும் என்றே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இருந்தாலும் எதுவும் கேட்காமல் அரிவாளை எடுத்தேனே. பழைய குழல் நுனி கருகிக் கட்டையாகிவிட்டது, அது ஒரு காரணம். ஆனால் குழல் வேண்டும் என்பதற்காகவா அந்தச் செடியிடம் போனேன்? பொய் சொல்லாதே மாரி, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு யாரிடம் பொய்.

அந்தச் செடியை நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெரியும். மேட்டில் ஒரு பாறையை ஒட்டிக் கிடந்தது. அகல அகலமான இலைகளைத் தரையோடு விரித்துக்கொண்டு, வேறு ஒரு வேலையும் செய்யாமல். பக்கத்தில் இருந்தவையெல்லாம் எழுந்து பூத்து விதையாகி உதிர்ந்தன. இது மட்டும் இலை, இலை, அடுத்த வருஷமும் இலை. கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் போகும்போது, என்னடி, நீயும் நானும் ஒரு ஜாதிதானா என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பாகத்தான் கேட்பேன். சில நாள் சிரிப்பு வராது, அன்றைக்கும் கேட்பேன். இந்த வருஷம் மழை முடிந்து போய்ப் பார்த்தால் தண்டு விட்டிருக்கிறது. அடுத்த தடவை இடுப்பு உயரம். அடுத்த தடவை என் தலைக்கு மேலே. அப்புறம் பூ. கீழிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறிப் பூத்தது, வெள்ளை, இதழெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, விரல் விரித்த கைகள் மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் என் உடம்பெல்லாம் அன்றைக்குச் சூடாக இருந்தது. நாள் தள்ளிப்போயிருந்தது. தள்ளிப்போவது எனக்குப் புதிது இல்லை, தள்ளிப்போகும், மனசில் தொட்டில் கட்டுவேன், ஒருநாள் காலையில் எல்லாம் முடிந்துபோகும். இந்தத் தடவை செடி பூத்துவிட்டதே, அதனால் நானும் என்று நினைத்தேன். நினைத்தவள் அதை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். பூவைப் பிள்ளையாருக்கு வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது, அரிவாளைப் போட்டேன், பூவைக் கிள்ளிக்கொண்டேன், தண்டு கையில் மிஞ்சியது, உள்ளே பார்த்தால் குழாய். பூத்ததைப் போய் வெட்டியிருக்கிறேன். இத்தனை வருஷம் காத்திருந்து பூத்ததை. பிள்ளையார் பூ கேட்டாரா? ராத்திரி மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ இந்த இடத்துக்கு வந்து மாட்டிக்கொண்டேன், எந்தப் பக்கம் புரண்டாலும் இந்த இடத்துக்குத்தான் வருகிறது.

முதல்நாள் ஊதியபோதே உதடு எரிந்தது. நாக்கு நுனி மரத்த மாதிரி இருந்தது. புதுக் குழல், பச்சை வாடை என்று நினைத்தேன். ஊதி முடித்துக் கஞ்சிக்கு உலை வைப்பதற்குள் தலை சுற்றி, வேர்த்து, பின்பக்கம் ஓடினேன். அத்தை வந்து பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மத்தியானம் நான் வேலைக்குப் போகவில்லை, அவர் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு எங்கேயோ கிளம்பிப் போனார், பொழுது சாய்கிறபோது சேலைக் கரையெல்லாம் நனைந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கீரை பார்க்கப் போனேன் என்றார். கையில் கீரை இல்லை. கிடைக்கவில்லையாம். மறுநாளிலிருந்து உதடு எரியவில்லை, பழகிவிட்டது போல, ஆனால் குமட்டல் மட்டும் தினமும். விரலில்கூட ஒரு கணு தட்டுகிறது, முதலில் வழுவழுவென்று இருந்த தண்டுதான், காயக் காயச் சுருங்கி முடிச்சு விழுந்திருக்கும். விஷத்துக்கு உதடு பழகுமாம், வயிறு பழகாதாம், அப்படி இருக்கலாம். எனக்கு என்ன தெரியும். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று நம்புவதற்கு எவ்வளவு சின்ன விஷயம் போதுமாக இருக்கிறது, ஒரு வாய் வாந்தி, அதற்கே இவர் கோயம்புத்தூரில் இருக்கிற தங்கைக்குப் போன் போட்டுவிட்டார். மூன்று மாசம் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அத்தை சொன்னதற்கு, ஆமாம்மா ஆமாம்மா என்று தலையாட்டிவிட்டு, அதே கையோடு போன் போட்டார். பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருப்பார், அன்றைக்கு அந்த ஆள் எனக்கு முன்சீட்டில் இடம் போட்டுக் கொடுத்தானே. வாளியில் தண்ணீர் தூக்க விடுவதில்லை. மாதுளம்பழம் வாங்கி வந்து, உரிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டு, முத்துக்களைக் கிண்ணத்தில் போட்டு நீட்டினார். அந்தக் கிண்ணத்தை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. ஒரு காட்டுச்செடிக்கு மாதுளம்பழம் தின்னக் கொடுத்திருக்கிறாயே மனுஷா.

இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பத்து மணி பஸ். இவர் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற அட்டை வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டவே வேண்டாம் என்றேன், அந்த அட்டையோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஒற்றைக் கோட்டைக் காட்டிக் காட்டி என்னை ஒருவழி பண்ணியிருக்கிறது. டாக்டரே சொல்லட்டும் என்றேன். சொன்னது முந்தாநாள். அப்போது எனக்குத் தைரியம் இருந்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே என்ன சாப்பிட்டீங்க என்று கேட்பார். என்ன சொல்வது? வெளியே பெஞ்சில் இவர் உட்கார்ந்திருப்பார், கதவு திறந்ததும் எழுந்து நிற்பார், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லைங்க, அடுப்பு ஊதினதுங்க என்று எப்படிச் சொல்வது. அது ஒரு பயம். சரி, அது இல்லை, குழந்தைதான் என்றே வைத்துக்கொள். அப்போதாவது விடுகிறதா? குழந்தை என்றால் அதற்கு நான் இத்தனை நாளாகத் தினம் காலையில் விஷத்தை ஊட்டியிருக்கிறேன். மாடுகூட வாய் வைக்காத ஒன்றை. மிளகு அளவுகூட இருக்குமோ இருக்காதோ, அதற்கு நெஞ்சு துடிக்க ஆரம்பித்திருக்குமோ என்னவோ, அதன் அம்மா அதற்குக் கொடுத்த முதல் சாப்பாடு அது. குழல்தான் என்றால் குழந்தை இல்லை. குழந்தைதான் என்றால் குழல் அதை என்ன செய்ததோ. இரண்டில் எதை வேண்டிக்கொள்வது? வேண்டிக்கொள்ளக்கூட ஒரு பக்கம் இல்லாமல் போச்சே எனக்கு. கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் வேண்டிக்கொண்டேன், குழந்தை வேண்டாம், இருந்து கெட்டுப்போவதற்கு இல்லாமலே இருக்கட்டும் என்று. அப்படி நினைத்ததும் அடிவயிற்றில் கையை வைத்து மூடிக்கொண்டேன், அதற்குக் கேட்டிருக்கும் என்று பயமாக இருந்தது. இல்லைடா, இல்லை, சும்மா சொன்னேன்.

புகை மண்டுகிறது. இப்படியே விட்டால் அத்தை இருமிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். இப்போதெல்லாம் நான் ஊதுகிற நேரத்துக்கு எப்படியும் வந்துவிடுகிறார், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று என் முகத்தையே பார்க்கிறார், என்ன அத்தை என்றால் ஒன்றுமில்லை என்கிறார். சிலோனில் ஒரு லயத்தில் பிறந்து, சின்னப்பெண்ணாகக் கப்பல் ஏறி வந்து, இந்த லயத்தில் கிழவியானவர், செவனம்மா என்றால் எஸ்டேட்டில் ஒரு மரியாதை உண்டு. பிள்ளை இல்லாததற்கு இந்த வீட்டில் என்னை ஒருவர்கூட ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது, போங்கடி என்று இருந்திருப்பேன். நான் ஒரு முடிவுக்கு வருகிறேன். குழல் வேண்டாம். இன்றைக்கு வாயாலேயே ஊதுகிறேன், எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். குமட்டினால் குழந்தை. குமட்டாவிட்டால் குழல். டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட வேண்டும், அழுவதாக இருந்தால் இங்கே அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

தரையோடு குனிந்து, கன்னத்தை உப்பி ஊதுகிறேன். சாம்பல் திரும்பி என் முகத்திலேயே அடிக்கிறது. புருவத்தில், உதட்டில், மூக்கில் எல்லாம் சாம்பல். இன்னும் ஒரு தடவை. சுள்ளியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அணையப் பார்க்கிறது, ஊது, ஊது, பிடித்துக்கொண்டது. சுள்ளி படபடக்கிறது. தண்ணீர்ப் பானையை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இப்போது வரவேண்டும். இந்த நேரத்துக்குத்தான் வரும், தொண்டையில் ஒரு புளிப்பு ஏறி, வாயில் தண்ணீர் ஊறி. ஒன்றும் காணோம். காத்திருக்கிறேன். வயிறு குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. வா என்கிறேன் மனசுக்குள். உலகத்தில் யாராவது வாந்தியைக் கும்பிட்டு அழைத்திருப்பார்களா, நான் அழைக்கிறேன். பானையின் அடியில் தண்ணீர் முனக ஆரம்பிக்கிறது. பசிக்கிறது எனக்கு. நன்றாகப் பசிக்கிறது, வெட்கம்கெட்ட வயிறு. அப்போது புரிந்துவிட்டது. ஆக அதுதான். எழுந்து குழலை எடுத்தேன், அடுப்பில் வைத்துவிடலாம், யாரும் பார்க்க வேண்டாம். அவசரத்தில் அது பானையில் மோதிச் சத்தம் போட்டது. அத்தை நிலைப்படியில் நிற்கிறார்.

என் முகத்தில் அப்பியிருந்த சாம்பலைப் பார்த்தார், கையில் குழலைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், எஸ்தர் அக்கா சொன்னதை, செடியை, பூவை, இன்றைக்குக் குமட்டவில்லை என்பதை, இது பிள்ளை இல்லை அத்தை, வெறும் காட்டுப் புகையிலை, உங்கள் பிள்ளையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது என்பதை. அத்தை உள்ளே வந்து என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். முழங்கால் மடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

"அத எங்கிட்ட குடு" என்றார். வாங்கி அடுப்பு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "கணு இருக்கா பாரு. காட்டுப் பொகையிலைக்குக் கணு ஏது? இது மூங்கி. நீ மொத நாளு வாந்தி எடுத்தியே, அன்னைக்கே ஒன் கொழலத் தூக்கிக்கிட்டுப் போயி, மேட்டுல நீ வெட்டுன எடத்தத் தேடிப் புடிச்சு, அங்கயே போட்டுட்டு வந்துட்டேன். அதே நீட்டுக்கு இத வெட்டிக் கரி பூசி வச்சேன்."

கணுவின்மேல் விரலை வைத்தேன். இத்தனை நாளாக விரலில் தட்டியது இதுதான். ஏன் அத்தை சொல்லவில்லை என்று கேட்டதாக நினைக்கிறேன். சொன்னால் என் மூஞ்சி வாடிப்போகுமாம். ஒருவேளை அந்தச் செடிதான் காரணமாக இருந்து, மறுநாளே எல்லாம் நின்றுவிட்டால், ஏதோ பித்தம் என்று சொல்லி மெதுவாக ஆற்றிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். மறுநாள் நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் நிற்கவில்லை. தினமும் காலையில் இந்த நிலைப்படியில் நின்று, இன்றைக்கு நின்றுவிடுமோ என்று தான் பட்ட பாடு தனக்குத்தான் தெரியும் என்றார். ஒரே ஒரு காலை ஊதினாய், அதற்கு ஒன்றும் ஆகாது, மீதியை டாக்டரம்மா சொல்லட்டும் என்றார். அவர் குரலும் அவ்வளவு தைரியமாக இல்லை. இந்த அம்மாவும் ராத்திரியெல்லாம் தூங்கியிருக்கமாட்டார். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பயத்தைத் தனித்தனியாகப் புரட்டிக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

"இன்னைக்கு வரலையே அத்தை" என்றேன்.

"தெனம் வந்துதான் ஆகணும்னு சட்டமா?" என்றார். எழுந்து கொதிக்கிற தண்ணீரில் தேயிலைத்தூளை அள்ளிப் போட்டார், அவருக்குக் கை தாராளம், தேத்தண்ணி கறுப்பாக இருந்தால்தான் இறங்கும். முதுகைக் காட்டிக்கொண்டே, அந்தச் செடியின் அடியில் பக்கத்திலேயே இரண்டு துளிர் விட்டிருக்கிறது, வேர் இருக்கிறவரை அது எங்கேயும் போகாது, நீ வெட்டியதற்காக ஏங்கிக்கொண்டிருக்காதே என்றார். நான் அவரிடம் செடி பூத்ததைப் பற்றிச் சொன்னேனே தவிர, வெட்டியதற்காக ஏங்கியதைச் சொல்லவில்லை. அதைக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். தேயிலைத்தூள் வெந்த வாடை பானையிலிருந்து எழுந்து வந்து மூக்கில் ஏறியது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வாடையில்தான் இருக்கிறேன், என் சேலையில், தலைமுடியில், கையில் எல்லாம் இந்த வாடைதான், ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. தொண்டையில் ஒரு புளிப்பு ஏறியது. வாயில் தண்ணீர் ஊறியது. அத்தையைப் பார்த்தேன். அத்தை கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினேன், அடுப்பைத் தாண்டி, கதவைத் தள்ளி, பின்பக்கம், சிரித்துக்கொண்டே ஓடினேன் என்று நினைக்கிறேன், இவர் உள்ளேயிருந்து என்னம்மா மறுபடியுமா என்று கேட்டது காதில் விழுந்தது, பின்னாலேயே இருமலும் செருப்புச் சத்தமுமாக வந்துகொண்டிருந்த அத்தை சத்தம் போட்டார், "மெதுவாப் போ பிள்ள, பனியில படி வழுக்கும்."